அம்மம்மாவின் அலுமாரிக் கண்ணாடித் தட்டம்: யார் செய்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டைத் திறந்தால் கண்ணாடித் தட்டம் ஒன்றாவது இருக்கும். சீனி போட்டதாயிருக்கலாம், வெற்றிலை வைத்ததாயிருக்கலாம், கலியாணத்துக்குக் கற்கண்டு நீட்டியதாயிருக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் கடைக்காரனும் அல்ல, நூதனசாலைக்காரனும் அல்ல. இருபது வருசமாகத் தட்டங்களைக் கவிழ்த்துப் பார்க்கிற ஒருவன்.

"ஒல்லாந்தர் காலத்துச் சாமான்" என்று அப்பப்பா சொன்னவர். உண்மையாய் இருக்குமோ?

அச்சில் அழுத்திச் செய்த தட்டம் என்றால் இருக்காது. யாழ்ப்பாணக் கோட்டை 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. நெம்புகோல் இயந்திரத்தால் கண்ணாடியை அச்சில் அழுத்தும் தொழில் அமெரிக்காவில் தொடங்கியது 1820களில்; இங்கிலாந்துக்கு வந்தது 1830களில். அதற்கு முன்னும் கையால் அழுத்திய சின்னச் சின்னத் துண்டுகள் இருந்தன, கிண்ணங்களுக்குச் சதுர அடிக்கட்டை போல. ஆனால் முழுத் தட்டம் இல்லை. நம்மூரில் பழசு எல்லாமே ஒல்லாந்தர் காலம்தான். அப்பப்பாவைக் குறை சொல்ல வேண்டாம்.

நான் இங்கு பார்த்ததில் பெரும்பாலானவை 1880க்கும் 1930க்கும் இடைப்பட்டவை.

அச்சுக் கண்ணாடியை எப்படிச் செய்தார்கள்?

இது தெரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லலாம். மோதக அச்சையும் இடியப்ப உரலையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இரும்பு அச்சு, உட்புறம் முழுக்கப் பூவேலை செதுக்கியிருக்கும். ஒருவர் உலையிலிருந்து உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றி எடுத்து அச்சுக்கு மேலே பிடிப்பார். இன்னொருவர் வேண்டிய அளவு விழுந்ததும் கத்தரியால் வெட்டிவிடுவார். அழுத்துகிறவர் நெம்புகோலை இழுக்க, மேலிருந்து உலக்கை இறங்கிக் கண்ணாடியை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தள்ளும். அச்சின் மேல் ஒரு வளையம் இருக்கும். விளிம்பு அதில் போய் நிற்கும்.

இப்போது உங்கள் தட்டத்தைப் பாருங்கள். உலக்கை பட்ட உட்புறம் பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும், பூவேலை வெளிப்புறத்தில் இருக்கும். அச்சுத் துண்டுகள் பொருந்திய இடத்தில் மயிர்க்கோடு போல ஒரு பொருத்துக்கோடு மேலிருந்து கீழாக ஓடும். இரண்டா, மூன்றா, நாலா என்று எண்ணிக் குறித்து வையுங்கள். பூவேலைக்கு நடுவே சம்பந்தமில்லாமல் ஒரு சுருக்கம், வைக்கோல் துண்டு ஒட்டியது போல இருந்தால், அது கத்தரி வெட்டிய தழும்பு. பலர் அதை வெடிப்பு என்று நினைத்துத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

பட்டை வெட்டிய கண்ணாடியா, அச்சுக் கண்ணாடியா என்று எப்படிப் பிரிப்பது?

கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவுங்கள். சாணைச் சக்கரத்தில் வெட்டிய பட்டையின் விளிம்பு விரலில் பிடிக்கும். அச்சில் வந்தது கற்கண்டுத் துண்டை நக்கியது போல மழுங்கியிருக்கும், ஏனென்றால் பலவற்றை அச்சிலிருந்து எடுத்தபின் மீண்டும் நெருப்பில் காட்டி மினுக்குவார்கள். பொருத்துக்கோடு இருந்தால் கேள்வியே இல்லை.

முத்திரையை எங்கே தேடுவது? ஒன்றும் தெரியவில்லையே.

முதலில் கழுவுங்கள். கை வேலை, சவர்க்காரம், இளஞ்சூட்டுத் தண்ணீர். பிறகு வெயில் சரிவாக விழும் நேரம் விறாந்தையில் இருந்து பாருங்கள்; உச்சி வெயில் உதவாது. அடிப்புறத்தின் நடு, உட்புறத்தின் நடு, கைபிடியின் அடி, பூவேலைக்குள் ஒளிந்த மூலை, இவை நாலும்தான் வழக்கமான இடங்கள். முத்திரை அரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்கலாம்.

என் முறை இது: நன்றாகக் காய்ந்த தட்டத்தின்மேல் திருநீற்றை மெல்லத் தூவி ஊதிவிடுவேன். தேய்க்கக் கூடாது. எழுத்து மேடாக இருக்கும், திருநீறு அதன் ஓரங்களில் தங்கி உருவம் காட்டும். பிறகு மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரஞ்சினால் எழுத்து கடதாசியில் ஏறிவிடும். நகை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் வில்லை கிடைத்தால் இன்னும் நல்லது.

நாற்கோணச் சின்னம் ஒன்று இருக்கிறது, மூலைகளில் எழுத்தும் எண்ணும். அது கம்பனிப் பெயரா?

இல்லை. அது பிரித்தானியாவில் வடிவமைப்பைப் பதிவு செய்த சின்னம், 1842 முதல் 1883 வரை இருந்தது. உச்சியில் வட்டத்துக்குள் உரோமன் எண் மூன்று இருந்தால் கண்ணாடி வகை. நாற்கோணத்தின் மூலையில் இருக்கும் ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும்; ஆனால் எந்த மூலை என்பது காலத்துக்குக் காலம் மாறும். 1867 வரை ஆண்டெழுத்து வட்டத்துக்குக் கீழே மேல்மூலையில். 1868 முதல் வலதுமூலையில், மேல்மூலைக்கு நாள் வந்துவிட்டது. அதனால் மேல்மூலையில் எழுத்தா எண்ணா என்று முதலில் பாருங்கள்: எழுத்தென்றால் முந்தியது, எண்ணென்றால் பிந்தியது.

ஆண்டெழுத்து அகரவரிசையில் போகாது. பிந்திய தொகுதியில் எக்ஸ் 1868, எச் 1869, சி 1870, ஏ 1871, ஐ 1872, எஃப் 1873, யூ 1874, எஸ் 1875, வி 1876, பி 1877, டி 1878, வை 1879, ஜே 1880, ஈ 1881, எல் 1882, கே 1883. பி என்று நான் எழுதியது பெற்றோல் என்ற சொல்லின் முதல் எழுத்து, டி என்றது டொக்டர் என்ற சொல்லின் முதல் எழுத்து, மற்றவை அல்ல. மாத எழுத்து இந்தத் தொகுதியில் அடிமூலையில், கட்டு எண் (அன்று பதிவுக்கு வந்தவற்றில் எத்தனையாவது கட்டு என்பது) இடது மூலையில்.

நாள், மாதம், ஆண்டு, கட்டு எண் நாலும் வாசிக்க முடிந்தால் பதிவேட்டில் ஒரு பெயர் அகப்படும். அந்தப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே போகத் தேவையில்லை, சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கும்.

ஆர், டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பின்னால் நீள எண்ணும் இருக்கிறது. அது?

நாற்கோணச் சின்னத்தை விட்டபின் 1884 முதல் வந்த பதிவு எண் அது. ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக ஏறியது. 1885 தொடக்கத்தில் 19754, 1887 இல் 64520, 1889 இல் 116648, 1890 இல் 141273, 1895 இல் 246975, 1900 இல் 351202. உங்கள் எண் எந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது என்று பார்த்தால் ஆண்டு வந்துவிடும்.

என் பெரியம்மா வீட்டில் ஒரு நீலத் தட்டம். விளிம்பு பால் கலந்தது போல வெளுத்து, சேலைக் கொசுவம் போல நெளிந்திருக்கும். நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அதில் தோடம்பழ இனிப்பு வைத்திருப்பா. திருநீறு தூவிப் பார்த்தபோது அடியில் எண் வந்தது: 130643. அன்று நான் கடைசியிலிருந்து மூன்றாவது எண்ணை எட்டு என்று வாசித்துவிட்டேன், 130843. ஆண்டில் பிழை வரவில்லை, இரண்டுமே 1889தான். ஆனால் பதிவேட்டில் 130843 ஐத் தேடிக் கண்ணாடிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துக்குப் போய் ஒரு கிழமை வீணாயிற்று. பென்சில் உரஞ்சலை வெயிலில் பிடித்து மறுபடி பார்த்தபோது எட்டின் மேற்பாதி வலதுபக்கம் திறந்திருந்தது தெரிந்தது. ஆறு. அதன்பின் விடை உடனே வந்தது: இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரத்து ஜோர்ஜ் டேவிட்சன் கம்பனி. அந்தப் பால்விளிம்புக்கு அவர்கள் வைத்த பெயர் பேர்லைன், 1889 இல் காப்புரிமை பெற்றது.

இதில் இரண்டு விசயம் கவனியுங்கள். ஓர் எண் பிழைத்தாலும் ஆண்டு தப்பாமல் இருக்கலாம், ஆள் தப்பிவிடுவார். மற்றது, பதிவு செய்தவர்தான் செய்தவர் என்று எப்போதும் சொல்ல முடியாது. மொத்த வியாபாரியும் தன் பெயரில் பதிவு செய்யலாம். எண்ணோடு கம்பனி முத்திரையோ அந்தக் கம்பனிக்கே உரிய வேலையோ பொருந்தினால்தான் நான் பெயரை எழுதுவேன். பெரியம்மாவின் தட்டத்தில் பொருந்தியது நிறமும் பால்விளிம்பும்.

பதிவு எண் மிக முந்திய ஆண்டைத்தான் சொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். அச்சு தேயும்வரை பல வருசம் அதே எண்ணோடு ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

மயில் தலை போல ஒன்று தெரிகிறது. இந்தியச் சாமானா?

இல்லை. அதுவும் கேற்ஸ்ஹெட். சோவர்பி கம்பனியின் எலிசன் தொழிற்சாலை, 1876 முதல் மயில்தலையை முத்திரையாக வைத்தது. நல்லூர்ப் பக்கம் ஒரு மாமி முருகனின் மயில் என்று சொல்லி இப்படியொரு கிண்ணத்தைச் சாமியறையில் வைத்து விபூதி போட்டிருந்தா. நான் உண்மையைச் சொன்னேன். "எங்கே செய்தாலும் மயில் மயில்தானே தம்பி" என்றா. கிண்ணம் இன்றும் சாமியறையில்தான்.

சிங்கங்கள்தான் குழப்பும். சிங்கம் கையில் நட்சத்திரம் பிடித்திருந்தால் சண்டர்லாண்ட் நகரத்து ஹென்றி கிரீனர், ஏறக்குறைய 1875 முதல் 1885 வரை. கோடரி பிடித்திருந்தால் அதே கம்பனி, 1885க்குப் பின். கிரீடத்துக்கு மேலாகப் பாதிச் சிங்கம் எழும்பினால் டேவிட்சன், 1880களில். தேய்ந்த அச்சில் வந்த நட்சத்திரமும் கோடரியும் ஒரே பொட்டாகத் தெரியும். அப்போது "கிரீனர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கிரீனரைப் பின்னர் எடுத்த ஜோப்ளிங்தான் 1920களில் இங்கிலாந்தில் பைரெக்ஸ் செய்யத் தொடங்கியவர்கள், நம் குசினிகளில் இருக்கும் அதே பைரெக்ஸ்.

நங்கூரமும் ஜே, டி எழுத்துகளும் மன்செஸ்டர் ஜோன் டார்பிஷயர். நாற்கோணத்துக்குள் எச் அமெரிக்க ஹைசி. வட்டத்துக்குள் அடிக்கோடிட்ட என் அமெரிக்க நோர்த்வுட்.

முத்திரையே இல்லை. விட்டுவிடவா?

வேண்டாம். முத்திரை இல்லாததுதான் வழக்கம். பத்துத் தட்டம் பார்த்தால் அதிகமானவற்றில் ஒன்றுமே இருக்காது. அப்போது செய்தவரின் கையெழுத்தைப் பூவேலையில்தான் தேட வேண்டும். பழைய கம்பனிகள் விலைப்பட்டியலில் தங்கள் வடிவங்களைப் படமாக வரைந்து அச்சிட்டன. சோவர்பியின் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் படத்தோடு ஒப்பிடும்போது முழுத் தட்டத்தையும் பார்க்காதீர்கள். வைரப்பட்டையும் விசிறியும் நட்சத்திரமும் எல்லாரும் போட்டவை. விளிம்புப் பல் எத்தனை, அடி நட்சத்திரத்துக்கு எத்தனை கதிர், பல்லும் பல்லும் சந்திக்கும் இடத்தில் புள்ளி உண்டா என்று எண்ணுங்கள். அடி நட்சத்திரத்துக்கு 24 கதிர், படத்தில் 20 என்றால் அது வேறு அச்சு.

பூவேலையின் வெற்றிடம் முழுக்க மணல் கொட்டியது போலச் சின்னப் புள்ளிகள் நிறைந்திருந்தால் பழசு என்று நிமிர்ந்து உட்காருங்கள். ஆரம்பகாலத்தில் அச்சு குளிர்ந்திருந்தால் கண்ணாடி சுருங்கிக் கலங்கித் தெரியும். அந்தக் குறையை மறைக்க 1830, 40களில் அமெரிக்கர்கள் பின்னிய பின்னல் போலப் புள்ளி வேலை செய்தார்கள்; மசாசூசெற்ஸ் சாண்ட்விச் தொழிற்சாலை அதற்குப் பெயர்போனது. ஆனால் பிற்காலத்தில் அந்த வேலையைத் திரும்பச் செய்தவர்களும் உண்டு.

கடைசியில் "வடகிழக்கு இங்கிலாந்து, 1880கள்" என்பதோடு நின்றாலும் அது நேர்மையான விடை. ஊகித்துப் பெயர் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

அடியில் வெறும் எண் ஒன்று, 4 அல்லது 27 என்று. அதுவும் பதிவெண்ணா?

இல்லை, அச்சு எண் அல்லது வடிவ எண். பிரெஞ்சு டியூராலெக்ஸ் கிளாசின் அடியில் இருக்கும் எண்ணும் அப்படித்தான்.

காசு பார்க்கும் ஊதா லைற்றில் பச்சையாக ஒளிர்கிறது. என்ன அர்த்தம்?

எலுமிச்சைப் பச்சையாகப் பளீரென்று எரிந்தால் யுரேனியம் சேர்த்த கண்ணாடி. பேர்லைனின் மஞ்சள் வகை அப்படி ஒளிரும். பயப்பட வேண்டாம், அளவு சிறியது, அலுமாரியில் வைத்திருக்கலாம். ஊறுகாய் மட்டும் அதில் போட மாட்டேன். மங்கலான பச்சை என்றால் பெரும்பாலும் மங்கனீஸ், நிறம் போக்கச் சேர்த்தது. இதே மங்கனீஸ்தான் யன்னலோரம் பல வருசம் வெயில் பட்டால் கண்ணாடியை இலேசான கத்தரிப்பூ நிறமாக்கும். ஆனால் ஒளிர்வு காலத்தையோ கம்பனியையோ தனியாகச் சொல்லாது. இன்றும் யுரேனியக் கண்ணாடி செய்கிறார்கள்.

இங்கே எப்படி வந்தது?

மூன்று வழியை வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, கொழும்புக் கடைகள் வழியாகப் பிரித்தானியச் சரக்கு. இரண்டாவது மலாயா. றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாங்கிய தட்டுமுட்டுகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது, மிசன் வீடுகள். அமெரிக்க மிசன் 1816 இல் தெல்லிப்பழையில் காலூன்றியது, வட்டுக்கோட்டையில் 1823 இல் செமினரி தொடங்கியது. அந்தப் பக்கத்து வீட்டில் அமெரிக்கத் தட்டம் இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். ஆனால் கதை ஆதாரமாகாது. தட்டத்தின் அடிப்புறம் கதையோடு ஒத்துப்போக வேண்டும்.

இந்திய, ஜப்பான், இலங்கைக் கண்ணாடியை எப்படி அறிவது?

பெரும்பாலும் எழுத்தே சொல்லும். "நிப்போன்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் பொதுவாக 1921க்கு முந்தியது, "ஜப்பான்" என்றால் பிந்தியது. "செக்கோஸ்லோவாக்கியா" என்றால் 1918க்குப் பின். பிரோசாபாத்தில் ஜெயின் கம்பனி வானவில் மினுக்கம் பூசிய கிளாசுகளைத் தன் பெயர் போட்டே செய்தது.

இலங்கையில் கண்ணாடி என்றால் நாத்தாண்டியா. அங்கே சிலிக்கா மணல் இருக்கிறது. நம் வடமராட்சியிலும் அம்பன், வல்லிபுரம் பக்கம் அதே மணல் படிந்து கிடக்கிறது. வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிடப் போகும்போது காலைச் சுடும் அந்த வெள்ளை மணல்தான் கண்ணாடியின் மூலப்பொருள். ஆனாலும் உங்கள் அம்மம்மாவின் பூவேலைத் தட்டம் அதில் பிறந்ததல்ல.

தட்டம் முழுக்க வெள்ளை படிந்திருக்கிறது. 1995 இடப்பெயர்வில் கிணற்றடியில் புதைத்துவைத்தது. மண் தின்றுவிட்டதோ?

ஒக்ரோபரில் புதைத்துச் சில மாதம் கழித்துத் தோண்டியது என்றால் மண் ஒன்றும் செய்திராது. கண்ணாடியை மண் தின்ன அதைவிட நெடுங்காலம் வேண்டும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. கேத்திலின் உள்ளே பிடிப்பதே தட்டத்திலும் பிடிக்கிறது. தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள். பொன்பூச்சோ வர்ணமோ இருந்தால் புளி வேண்டாம். ஊறவைத்தும் கலங்கல் போகாவிட்டால் மேற்பரப்பே அரித்திருக்கிறது, அது திரும்பாது. நனைத்தவுடன் தெளிந்தால் நல்ல தட்டம் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். அரித்த கண்ணாடியும் நனைந்தால் தெளிவாகத்தான் தெரியும். சாம்பல், தும்பு, உரஞ்சும் பவுடர் எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

போலி என்று எப்படி அறிவது?

போலி என்ற சொல் இங்கே முழுதாகப் பொருந்தாது. அச்சு ஒரு சொத்து, கை மாறும். அமெரிக்க ஹைசி 1957 இல் மூடியதும் அதன் அச்சுகளை மறுவருசம் இம்பீரியல் கம்பனி வாங்கி ஊற்றியது. அதுவும் 1984 இல் மூடப்பட்டது. இங்கிலாந்திலும் டேவிட்சன் மற்றவர்களின் அச்சுகளை வாங்கியிருக்கிறது. ஒரே அச்சு, இரண்டு கம்பனி, நடுவில் பல பத்து வருசம்.

நான் பார்ப்பது தேய்வு. பழைய தட்டத்தின் அடிவிளிம்பு மேசையில் இழுபட்டு, கண்டபடி குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தொடும் இடத்தில் மட்டும் மங்கியிருக்கும். கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், அளவெடுத்ததுபோல இருந்தால் யாரோ மணற்கடதாசியில் தேய்த்திருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பதென்றால் எப்படிப் படம் எடுக்க வேண்டும்?

கறுப்புத் துணியில் ஒன்று, வெள்ளைக் கடதாசியில் ஒன்று. மேலிருந்து, பக்கத்திலிருந்து, கவிழ்த்து. ஃப்ளாஷ் வேண்டாம். பென்சில் உரஞ்சலின் படமும், அடிமட்டத்தால் அளந்த அகலமும், வீட்டுத் தராசில் நிறுத்த நிறையும் அனுப்புங்கள். உருவத்தை விட அடிப்புறம்தான் எனக்கு முகம்.

விலை எவ்வளவு போகும்?

பெரும்பாலானவை அதிகம் போகாது. இலட்சக்கணக்கில் ஊற்றிய சாமான், சாதாரண வீடுகளுக்கென்று செய்தது. அபூர்வ நிறம், மூடியோடு முழுச் சோடி, வெடிப்பில்லாத விளிம்பு என்றால் கூடும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகும் யோசனை இருந்தால் முதலில் தொல்லியல் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாவிக்கலாமா?

பலகாரம், பழம், பூ, வெற்றிலை, தாராளமாக. சூடானது மட்டும் வேண்டாம். ஒரு தைப்பொங்கலன்று வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகச் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கலை கிரீனர் தட்டமொன்றில் போட்டேன். சுவர்ப் பல்லி கத்தியது போல "டிக்" என்று ஒரு சத்தம். அடியிலிருந்த முத்திரையின் நடுவாலேயே பிளந்தது. ஒரு பாதியில் சிங்கம், மறுபாதியில் நட்சத்திரம். இரண்டும் இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. நட்சத்திரமா கோடரியா என்று கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவது அதைத்தான்.